அணில் கூண்டும் எலிச் சக்கரமும்

வளர்ப்பு எலி ஓடி விளையாடும் சக்கரத்தின் ஓடுதளத்தைக் கவனியுங்கள். கம்பிகளை வரிசையாக இணைத்த உருளை என்றால் அது பழைய மரபு. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வளர்ப்பு அணில்களுக்கு இத்தகைய சுழல் கூண்டுகள் இருந்தன. ('அணில் கூண்டு மோட்டார்' என்று படிக்கிறோமே, அப்பெயர் இந்த உருவ ஒற்றுமையால் வந்ததே.) கம்பிகளிடையே காலும் வாலும் சிக்கும் என்பதால், இடைவெளியற்ற தளமுடைய சக்கரமே இன்று விரும்பப்படுகிறது. எந்த வகையாயினும், ஓடும்போது எலியின் முதுகு பின்னோக்கி வளைந்தால் சக்கரம் போதிய அளவில் இல்லை என்று பொருள்.

1898இல் அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் காலின் ஸ்டூவர்ட் எலிகளின் அன்றாட இயக்கத்தை அளக்கச் சுழல் கூண்டைப் பயன்படுத்தினார். சுற்றுகளின் எண்ணிக்கையைச் சுற்றளவால் பெருக்கினால் ஓடிய தொலைவு கிடைத்துவிடும். விளையாட்டுப் பொருள் அளவுகருவியாயிற்று.

ஆனால் ஓர் ஐயம். அடைபட்ட சலிப்பினால்தான் எலி ஓடுகிறதோ? அப்படியானால் இந்த அளவீடுகள் காட்டுவது எலியின் இயல்பையா, சிறைவாசத்தின் விளைவையா? நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் யோஹன்னா மெய்யரும் யூரி ரோபர்ஸும் திறந்தவெளியில் சக்கரத்தை வைத்துப் படம்பிடித்தனர். 2014இல் முடிவுகள் வெளியாயின. காட்டுச் சுண்டெலிகள் தாமே வந்து ஏறி ஓடின. அருகில் வைத்த உணவை அகற்றிய பின்னும் ஓடின. தவளைகளும் ஏறிப் பார்த்தன. ஓடில்லா நத்தைகூடச் சக்கரத்தைச் சுழற்றியது!