எட்டு மில்லிமீட்டர் நீண்ட ரிவால்வர்

1936இல் ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் டெரியர் என்ற சிறு ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஐந்து தோட்டா, இரண்டு அங்குலக் குழல். கோட்டுப் பையில் போட்டால் வெளியே தெரியாது. சீருடை இல்லாமல் திரியும் போலீஸ்காரருக்கு அளவு பொருந்தியது, தோட்டாதான் பொருந்தவில்லை. அது சுட்டது .38 எஸ் அண்ட் டபிள்யூ என்ற பழைய, வலு குறைந்த தோட்டாவை. அதன் முழுநீளம் சுமார் 31 மில்லிமீட்டர். அமெரிக்கப் போலீஸ் அன்று பெரும்பாலும் நம்பியிருந்தது .38 ஸ்பெஷல் தோட்டாவை. அதன் நீளம் சுமார் 39 மில்லிமீட்டர். அந்த நீளத்துக்கு டெரியரின் உருளையில் இடமில்லை. அமெரிக்காவில் தினமும் உடம்போடு வைத்துக்கொள்ள முதன்முதலாகச் சிறு ரிவால்வர் வாங்கப் போகிறவர் இன்றும் கையில் எடுத்துப் பார்ப்பது, அந்த எட்டு மில்லிமீட்டரைத் தாண்டப் பிறந்த துப்பாக்கியைத்தான்.

போட்டியாளரான கோல்ட் நிறுவனம் இதில் முந்திக்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த ஜான் ஹென்றி ஃபிட்ஸ்ஜெரால்ட், பெரிய ரிவால்வர்களின் குழலைக் குட்டையாக வெட்டி, சுத்தியலின் கொம்பை அறுத்து, விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தின் முன்பாதியையே நீக்கிவிடுவார். வளையம் இல்லாவிட்டால் விரல் சட்டென்று விசைக்குப் போகும் என்பது அவர் கணக்கு. விரல் மட்டுமா போகும்? துணியும் சாவிக்கொத்தும்கூடப் போகும். அந்த ஒரு வெட்டு ஆலைத் தயாரிப்பில் இடம்பெறாமல் போனது நல்லதாயிற்று. 1927இல் கோல்ட் வெளியிட்ட டிடெக்டிவ் ஸ்பெஷல், .38 ஸ்பெஷல் தோட்டா ஆறைத் தாங்கியது. ஆனால் ஆறு தோட்டாவுக்கான உருளை தடிமனானது. இடுப்பில் அந்தத் தடிமன் தெரியும்.

போருக்குப் பின் ஸ்மித் அண்ட் வெசனின் தலைமைக்கு வந்த கார்ல் ஹெல்ஸ்ட்ராம் காலத்தில் இதற்கு விடை கிடைத்தது. டெரியரின் சட்டகத்துக்கு அந்த நிறுவனத்தில் ‘ஐ’ என்று பெயர். 1896இல் .32 தோட்டா ஆறைச் சுடுவதற்காக உருவான ரிவால்வரின் வழியில் வந்தது அது. அதை நீட்டினார்கள், உருளையை நீட்டினார்கள், பட்டை வில்லை எடுத்துவிட்டுச் சுருள்வில் வைத்தார்கள். தோட்டா ஐந்துதான் என்பதில் மட்டும் அசையவில்லை. ஐந்து வைத்ததில் ஒரு நன்மையும் உண்டு: உருளையைப் பூட்டி நிறுத்தும் வெட்டுகள் தோட்டா அறைகளுக்கு நேர் மேலே விழாமல், இரண்டு அறைகளுக்கு நடுவே தடித்த உலோகத்தில் விழுகின்றன. அதனால்தான் இவ்வளவு சின்ன உருளை அவ்வளவு அழுத்தத்தைத் தாங்குகிறது. புதிய சட்டகத்துக்கு ‘ஜே’ என்று எழுத்து வைத்தார்கள். 1950 அக்டோபரில் கொலராடோ ஸ்பிரிங்ஸில் போலீஸ் தலைவர்களின் சர்வதேச மாநாடு நடந்தபோது துப்பாக்கியைக் கொண்டுபோய் அவர்கள் முன் வைத்து, பெயரை அவர்களிடமே கேட்டார்கள். வாக்கெடுப்பில் வந்த பெயர் சீஃப்ஸ் ஸ்பெஷல். 1957இல் எல்லா மாதிரிகளுக்கும் எண் கொடுத்தபோது அது மாடல் 36 ஆனது.

அதன் பிறகு வந்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் உத்தரவிட்டது பைதான் என்று சொல்லலாம். வெளியே நீட்டியிருக்கும் சுத்தியல் கொம்பு பையின் துணியில் மாட்டியது. எனவே 1952இல், நிறுவனத்தின் நூறாவது ஆண்டில், சுத்தியலைச் சட்டகத்துக்குள் முழுக்க மறைத்த சென்டெனியல் வந்தது. 1887இலேயே இதே நிறுவனம் செய்த வேலைதான் இது. அந்தப் பழைய துப்பாக்கியின் கைப்பிடியில் இருந்த, அழுத்திப் பிடித்தால் மட்டும் விடுபடும் தடுப்பைக்கூடத் திரும்ப வைத்தார்கள். சென்டெனியல் அன்று சரியாக விற்கவில்லை, 1974இல் நிறுத்திவிட்டார்கள். இன்று இந்த வகையில் அதிகம் பேர் தேடுவது அந்த உருவத்தைத்தான்.

1955இல் வந்த பாடிகார்டில் சுத்தியலின் இருபுறமும் உலோகச் சுவர் எழுப்பி, கட்டைவிரலுக்கு ஒரு நுனியை மட்டும் விட்டார்கள். 1968 பிப்ரவரி 1 அன்று சைகோன் தெருவில் எடி ஆடம்ஸ் எடுத்த புகைப்படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கைகள் பின்னால் கட்டப்பட்ட கைதியின் தலைக்கு நேரே தென் வியட்நாமின் போலீஸ் தலைவர் நீட்டியிருப்பது அந்த வகை ரிவால்வர். துப்பாக்கியின் பிறந்த கதையைச் சொல்கிறவர் அது போன இடங்களையும் சொல்லத்தான் வேண்டும்.

எடையைக் குறைக்க அலுமினியக் கலவைக்குப் போனார்கள். முதலில் உருளையையும் அதிலேயே செய்தார்கள். அது தாங்கவில்லை, எஃகுக்கே திரும்பினார்கள். வியர்வை படும் இடத்தில் வைப்பதால் துருப்பிடிக்கிறது என்ற குறைக்கு 1965இல் மாடல் 60 பதிலானது. துருப்பிடிக்காத எஃகில் ஆலையிலிருந்து வந்த முதல் ரிவால்வர் அது.

எஃகு மாடல் 36 அரை கிலோவுக்குச் சற்று மேல். இன்று கடைகளில் அதிகம் கிடைக்கும் மாடல் 642 சுமார் 400 கிராம். சுத்தியல் உள்ளே, அலுமினியச் சட்டகம். பகல் முழுக்க வைத்திருந்தாலும் உறுத்தாது. ஆனால் எடையில் மிச்சம் பிடித்ததைச் சுடும்போது உள்ளங்கை திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பின்னுதைப்பு கடுமையாக வரும். குறி பார்க்க மேலே ஒரு பள்ளமும் முனையில் ஒரு மேடும்தான். விசையை இழுக்க ஐந்து கிலோ அளவுக்கு விரலில் வலு வேண்டும். பெண்களுக்கும் புதியவர்களுக்கும் சின்ன ரிவால்வரே போதும் என்று கடைகளில் காலங்காலமாகச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்கவில்லை. வைத்திருப்பதற்கு எளிதான இந்தத் துப்பாக்கி, பழகுவதற்கு மிகக் கடினமானவற்றில் ஒன்று. எடை குறையக் குறைய அந்தக் கடினம் கூடும். முதல்முறை வாங்குகிறவர் எஃகுச் சட்டகத்தை எடுத்தால் பயிற்சியைப் பாதியில் கைவிடமாட்டார்.

துப்பாக்கியோடு சேர்த்து வாங்கும் பொருள்கள் எல்லாமே, சிறிதாக்கும்போது வெட்டி எறிந்ததை ஈடுகட்ட வந்தவை. மெல்லிய மரக் கைப்பிடியில் விரலுக்கும் விசை வளையத்துக்கும் நடுவே வெற்றிடம் இருந்தது. அதை அடைக்க முதலில் ஓர் உலோகத் துண்டு வந்தது, பிறகு ரப்பர் கைப்பிடிகள் வந்தன. ரப்பர் பெரிதானால் கைக்குச் சுகம், ஆனால் பையிலிருந்து எடுக்கும்போது துணியைப் பற்றிக்கொள்ளும். உறையில் சிக்கனம் கூடாது. விசையை முழுக்க மூடி, துப்பாக்கியைப் பைக்குள் நிமிர்த்தி நிறுத்தி, எடுக்கும்போது தான் மட்டும் பைக்குள்ளேயே தங்கிவிடுவதுதான் நல்ல பை உறை. அந்தப் பையில் வேறு எதையும், ஒரு பேனாவைக்கூட, போடக் கூடாது. மாற்றுத் தோட்டாக்களுக்கு வட்டமான உலோகச் சாதனம் உண்டு, ஆனால் பையில் முட்டும். ஆறு தோட்டாவை வரிசையாகப் பிடிக்கும் ரப்பர் பட்டை தட்டையாகக் கிடக்கும். தோட்டாவிலும் கவனம் வேண்டும்: மிக இலேசான துப்பாக்கியில் வலுவான தோட்டாவைச் சுட்டால், உருளையில் மீதமிருக்கும் தோட்டாக்களின் குண்டு உதைப்பில் முன்னே நகர்ந்து உருளையைச் சிக்கவைக்கலாம். டெரியரில் இருந்த அதே இடப்பற்றாக்குறை வேறு வழியாக வந்து சேரும்.

போலீஸ்காரருக்கென்று பிறந்த துப்பாக்கி பொதுமக்களிடம் பரவலாகப் போய்ச் சேர்ந்ததில் 1987ஆம் ஆண்டு ஃபுளோரிடா சட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தகுதிகளை நிறைவுசெய்தவருக்கு மறைத்து எடுத்துச்செல்ல அனுமதி கொடுத்தே ஆக வேண்டும் என்றது அது; பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. இன்று பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் அந்த அனுமதிச்சீட்டுகூடத் தேவையில்லை. உரிமம் பெற்ற கடையில் வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், 4473ஆம் எண் படிவத்தை நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். கைத்துப்பாக்கியோடு பூட்டு போன்ற பாதுகாப்புச் சாதனம் ஒன்றும் தர வேண்டும் என்பது 2005ஆம் ஆண்டுச் சட்டம். வீட்டில் குழந்தை இருந்தால், மனம் சோர்ந்தவர் எவரேனும் இருந்தால், வாங்கும் பொருள்களில் முதலாவது பூட்டுள்ள இரும்புப் பெட்டிதான். தோளில் மாட்டும் துப்பாக்கியை மறந்து வைப்பது அரிது. பையளவு துப்பாக்கி சோபாவிலும் மேசை இழுப்பறையிலும் எளிதில் தங்கிவிடும்.

2018இல் சிக் சாவர் வெளியிட்ட பி365 பிஸ்டல், ஏறத்தாழ இதே அளவுக்குள் பத்துத் தோட்டாவை அடைத்தது. ஐந்து தோட்டா ரிவால்வரின் காலம் முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். ஆனால் பைக்குள்ளிருந்தே சுட நேர்ந்தாலும் சிக்காது, பின்னுக்கு இழுக்க வேண்டிய மேல்பகுதி கிடையாது என்பதால் அதை விடாதவர்களும் இருந்தார்கள். 2024இல் ஸ்மித் அண்ட் வெசன் அவர்களுக்காக மேம்பட்ட குறிமுனையோடும் கையை உயர்த்திப் பிடிக்கத் தோதான கைப்பிடியோடும் புதிய ஜே சட்டகத் துப்பாக்கிகளை வெளியிட்டது. அவற்றில் .38 உண்டு; உதைப்பு குறைந்த .32 எச் அண்ட் ஆர் மேக்னமும் உண்டு. .32 தோட்டா மெலிது என்பதால் அந்த உருளையில் ஆறு போடலாம்.