சூரியன் கற்பித்த கண் மருத்துவம்

2019 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரில் வளைய கிரகணம் தெரிந்தது. "ஒரு நொடி வெறுங்கண்ணால் பார்த்தால் என்ன, ஐயா?" என்று மாணவர் ஒருவர் வினவினார். அவருக்கு நான் கூறிய வரலாறு இது.

1945 ஜூலை 9ஆம் நாள் நிகழ்ந்த கிரகணத்தை ஜெர்மனியில் மருத்துவ மாணவர் ஒருவர் அவ்வாறே பார்த்தார். விழித்திரைக்கு வலியுணர்வு கிடையாது. ஆகவே அது சேதமுற்றதை அவர் அப்போது உணரவில்லை. நடுப்பார்வை கெட்டது. அவரைப் பரிசோதித்த இளம் மருத்துவர் கெர்ட் மையர்-ஷ்விக்கராத் அந்தத் தழும்பைக் கண்டு வேறொன்று சிந்தித்தார். கிழிந்த விழித்திரையைச் சுற்றி இத்தகைய தழும்பை நாமே உண்டாக்கினால், அது பிரிந்து போகாமல் ஒட்டிக்கொள்ளுமன்றோ?

1949இல் ஹாம்பர்க்கில் ஆடிகளால் சூரிய ஒளியைத் திருப்பி நோயாளியின் கண்ணுக்குள் செலுத்தினார். மேகம் மூடினால் சிகிச்சையும் நின்றது. (ஹாம்பர்க்கில் மேகத்துக்கா பஞ்சம்!) எனவே 1950களில் ஸைஸ் நிறுவனத்தாருடன் இணைந்து செனான் விளக்குக் கருவியை உருவாக்கினார். 1960இல் மைமன் லேசரைப் படைத்தார். சில ஆண்டுகளிலேயே அது கண் மருத்துவத்துக்கு வந்தது. பின்னர் மெல்லிய ஒளியிழைகள் கண்ணுக்குள்ளேயே நுழைந்தன. ஓர் இழை விளக்காக நின்று உட்புறத்தைக் காட்ட, மற்றோர் இழை லேசரைக் கொண்டு சென்று விழித்திரையை ஒட்டுகிறது.