கோட்டை, தொட்டிப்பாலம், அருவி, சமணர் மலை: நாகர்கோவில் டு மார்த்தாண்டம் ஒருநாள் ரோடு ட்ரிப்... கிளம்பும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு சுற்றுலா போறவங்க பெரும்பாலும் முக்கடல், விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலையைப் பார்த்துவிட்டு அன்று இரவே ரயில் ஏறிவிடுகிறார்கள். ஆனால், கடற்கரையை விட்டு மேற்கே திரும்பி தக்கலை, திருவட்டாறு, குலசேகரம் பக்கம் போனால் வேறொரு குமரி இருக்கிறது. ரப்பர் தோட்டம், ஆறு, அணை, கூடவே ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகள். சொந்த வண்டி இருந்தால் காலையில் நாகர்கோவிலில் கிளம்பி, சாயங்காலம் மார்த்தாண்டத்தில் பயணத்தை முடித்துவிடலாம்.

முதல் நிறுத்தம்: எதிரி கட்டிய கோட்டை

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் சாலையில் சுமார் 14 கி.மீ. போனால் புலியூர்க்குறிச்சி. இங்கேதான் உதயகிரி கோட்டை. ஒரு குன்றை உள்ளே வைத்து, சுற்றிலும் பெரிய பெரிய கருங்கற்களை அடுக்கி எழுப்பிய மதில், சுமார் 90 ஏக்கரை வளைத்து நிற்கிறது.

1741 ஆகஸ்டில் குளச்சல் கடற்கரையில் டச்சு கிழக்கிந்திய கம்பெனியின் படையை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்தது. அதில் பிடிபட்டவர்களில் ஒருவர் டி லனாய். சிறைபிடித்த ஆளை மன்னர் கொல்லவில்லை, நாட்டுக்கு அனுப்பவும் இல்லை. தன் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுக்கச் சொன்னார். அவர் மேற்பார்வையில்தான் உதயகிரி கோட்டை புதுப்பித்துக் கட்டப்பட்டது. துப்பாக்கியும் பீரங்கியும் வார்க்கும் பட்டறையும் உள்ளே வந்தது. கைதியாக வந்தவர் கடைசியில் 'வலிய கப்பித்தான்' என்ற பெயரோடு தளபதியாகவே ஆகிவிட்டார். 1777-ல் அவர் இறந்தபோது அடக்கம் செய்ததும் இதே கோட்டைக்குள்தான். கூரை இல்லாமல் நிற்கும் சிறு தேவாலயத்துக்குள் அவரது கல்லறை இருக்கிறது. அதில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. அதை ஒருமுறை உட்கார்ந்து பார்க்காமல் வரவேண்டாம்.

2022-ல் வாடிகன் புனிதராக அறிவித்த தேவசகாயம் பிள்ளை கிறிஸ்தவத்தைத் தெரிந்துகொண்டதும் இந்த டி லனாய் மூலமாகத்தான்.

கோட்டை வளாகம் இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. மான், பறவைகளைப் பார்க்கவே பலரும் குழந்தைகளோடு வருகிறார்கள். கல்லறை வரை நடப்பவர்கள் குறைவு.

தமிழ்நாட்டில் இருக்கும் அரண்மனை கேரளாவிடம் எப்படி?

அடுத்து, இரண்டு மூன்று கிலோமீட்டரில் பத்மநாபபுரம் அரண்மனை. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இதுதான். அதன்பிறகே திருவனந்தபுரத்துக்கு மாறியது.

வாசலில் நிற்கும் எல்லோருக்கும் வரும் சந்தேகம் ஒன்று உண்டு. ஊர் தமிழ்நாடு, போலீஸ் ஸ்டேஷன் தமிழ்நாடு, ஆனா டிக்கெட் கொடுப்பது மட்டும் ஏன் கேரள தொல்லியல் துறை? காரணம் 1956. மொழிவாரி மாநிலப் பிரிவினையில் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் நவம்பர் 1-ம் தேதி திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நிலம் இங்கே வந்தது. அரண்மனையின் நிர்வாகம் கேரளாவிடமே தங்கிவிட்டது. இந்த இணைப்பு சும்மா கிடைத்ததும் இல்லை. மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11-ம் தேதி இதே தக்கலையிலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. அரண்மனைக்குத் திரும்பும் பயணிகள் அந்த தக்கலை வழியாகத்தான் போகிறார்கள்.

உள்ளே முழுக்க மரவேலைப்பாடு. பழமையான பகுதி தாய்க்கொட்டாரம். பலா மரத்தில் கடைந்த தூண், ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்கு இரண்டு அடுக்கு ஊட்டுப்புரை, முகம் தெரியும் அளவுக்கு வழுவழுப்பான கறுப்புத் தரை. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த தரை அது என்கிறார்கள்.

முக்கியமான விஷயம்: திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறு கன்னியாகுமரி, திங்கள் அரண்மனை என்று பிளான் போட்டு வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும் குடும்பங்கள் ஏராளம். மதிய சாப்பாட்டு இடைவேளையும் உண்டு என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது.

பாலத்தின் மேலே ஓடும் தண்ணீர்

அங்கிருந்து திருவட்டாறு. ஆதிகேசவப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று, 2022-ல் சுமார் 400 ஆண்டுகளுக்குப் பிறகு குடமுழுக்கு நடந்த கோயில். நடை திறந்திருந்தால் பார்த்துவிட்டு, மூன்று கிலோமீட்டரில் உள்ள மாத்தூருக்குப் போகலாம்.

மாத்தூர் தொட்டிப்பாலம் சுற்றுலாவுக்காகக் கட்டியது இல்லை. ஒரு மலையில் இருந்து இன்னொரு மலைக்கு பட்டணங்கால் கால்வாய் தண்ணீரைக் கொண்டுபோக வேண்டும், நடுவில் பள்ளத்தில் பரளியாறு ஓடுகிறது. என்ன செய்வது? 28 தூண்களை நிறுத்தி, அதன்மேல் கான்கிரீட் தொட்டியை வைத்து, ஆற்றுக்கு மேலே கால்வாயை ஓடவிட்டார்கள். காமராஜர் ஆட்சிக்காலத்தில் திட்டமிடப்பட்டு, 1966-ல் முடிந்த வேலை. அதிகபட்ச உயரம் 115 அடி. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வயல்களுக்கு இதனால் தண்ணீர் கிடைத்தது. 'ஆசியாவிலேயே பெரியது' என்று போர்டும் கைடும் சொல்வதை விட்டுவிடலாம். கீழே ஆறு, நடுவே தென்னந்தோப்பு, கால் பக்கத்தில் கால்வாய் என்று பாலத்தின் மேலே நடக்கும் அந்த சில நிமிஷங்களே போதும்.

திற்பரப்பு: குளிக்கலாமா, கூடாதா?

'குமரிக் குற்றாலம்' என்று பெயர் வாங்கிய திற்பரப்பு அருவி குலசேகரம் அருகே இருக்கிறது. சுமார் 50 அடி உயரத்தில் இருந்து, அகலமான ஒரே பாறையில் கோதையாறு விரிந்து விழுகிறது. அருவிக்கு மேலே தடுப்பணை, பக்கத்திலேயே மகாதேவர் கோயில்.

குற்றாலத்துக்கும் திற்பரப்புக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல் போகக்கூடாது. குற்றாலத்தில் மலையில் மழை பெய்தால் தண்ணீர் கூடும். திற்பரப்பில் மழையோடு அணையும் சேர்ந்துகொள்கிறது. கோதையாற்றின் குறுக்கே மேலே பேச்சிப்பாறை அணை இருக்கிறது. 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்த, மொத்தம் 48 அடி கொள்ளளவு கொண்ட அணை. அது நிரம்பும் நிலைக்கு வரும்போது உபரிநீரைத் திறந்துவிடுவார்கள். திறந்த தண்ணீர் கோதையாறு வழியாக திற்பரப்புக்குத்தான் வந்து சேரும். அதனால் அருவியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதும் வெள்ளம் வரலாம். 'மழையே இல்லையே, ஏன் குளிக்க விடமாட்டேங்கிறாங்க?' என்று காவலாளியிடம் சண்டை போடுபவர்களுக்கான பதில் இதுதான்.

ஆக, கிளம்புவதற்கு முன்தினம் பார்க்க வேண்டியது வானிலை அறிக்கையை மட்டும் இல்லை. பேச்சிப்பாறை நீர்மட்டம் எவ்வளவு, உபரிநீர் திறப்பு உண்டா, குளிக்கத் தடை போட்டிருக்கிறார்களா என்பதையும் செய்தியில் பார்த்துவிட வேண்டும். குமரி மாவட்டத்துக்கு தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் முதல் டிசம்பர் வரை அருவியில் நல்ல தண்ணீர் இருக்கும், திடீர் தடையும் அதே மாதங்களில்தான் வரும். கோடையில் போனால் பாறையைத்தான் பார்க்க முடியும்.

தடுப்புக் கம்பியைத் தாண்டி செல்ஃபி எடுப்பது, அருவிக்கு மேலே உள்ள பாசிப் பாறையில் ஏறுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். தண்ணீர் நிறம் மாறி செம்மண்ணாக வந்தாலோ, இலை தழைகள் சேர்ந்து வந்தாலோ யாரும் விசில் அடிக்கும்வரை காத்திருக்காமல் கரையேறிவிட வேண்டும்.

மகா சிவராத்திரி சமயத்தில் இந்த ரூட்டில் காரில் வராமல் இருப்பது நல்லது. அன்று காவி வேட்டி கட்டி, கையில் விசிறியோடு 12 சிவாலயங்களை ஓடியே தரிசிக்கும் சிவாலய ஓட்டம் நடக்கும். சிவன் கோயிலுக்கு ஓடுபவர்கள் 'கோவிந்தா, கோபாலா' என்று கூவிக்கொண்டே ஓடுவது இதன் தனி அழகு. திற்பரப்பு அதில் மூன்றாவது கோயில், பக்கத்தில் இருக்கும் திருநந்திக்கரை நான்காவது. திருநந்திக்கரையில் உள்ள குடைவரைக் கோயிலில், ராஜராஜ சோழனின் பிறந்த நட்சத்திரமான ஐப்பசி சதயத்தைக் கொண்டாட ஊரையே தானமாகக் கொடுத்த கல்வெட்டு இருக்கிறது. தஞ்சாவூரில் நடக்கும் சதய விழா எல்லோருக்கும் தெரியும், இது பலருக்குத் தெரியாது.

கடைசியாக சிதறால்: ஒரு பெண் துறவியின் கையெழுத்து

மார்த்தாண்டத்தில் இருந்து சுமார் 7 கி.மீ. தூரத்தில் சிதறால் மலை. திருச்சாரணத்து மலை என்பது இதன் பழைய பெயர். கீழே வண்டியை விட்டுவிட்டு கல் பாவிய பாதையில் ஏற வேண்டும். வழியில் கடை கிடையாது, தண்ணீர் பாட்டில் கட்டாயம்.

மேலே இயற்கையான பாறை ஒன்று கூரை போல நிற்கிறது. அதன் பக்கவாட்டில் வரிசையாக தீர்த்தங்கரர் சிற்பங்கள். முக்குடை, பாம்புக் குடை என்று ஒவ்வொன்றுக்கும் அடையாளம் உண்டு. குழந்தைகளோடும் சிங்கத்தோடும் அம்பிகா யட்சி நிற்கிறாள். 9-ம் நூற்றாண்டில் இந்தப் பகுதியை ஆண்ட ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டில், குணந்தாங்கிக் குரத்தி என்பவர் இங்குள்ள தேவிக்குப் பொன் கொடுத்த செய்தி இருக்கிறது. குரத்தி என்றால் பெண் சமண ஆசிரியர். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் கற்பிக்கும் இடத்தில் இருந்திருக்கிறார், அவர் பெயரும் பாறையில் தங்கியிருக்கிறது. 13-ம் நூற்றாண்டு வாக்கில் இது பகவதி கோயிலாக மாறியது.

இந்த இடம் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அப்படியிருந்தும் குமரியில் பல பாறைகளில் காதல் ஜோடிகளின் பெயர்களைப் பார்க்க முடிகிறது. குரத்தியின் எழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர் தேவையில்லை.

மலையில் இருந்து பார்த்தால் தாமிரபரணி ஓடுவது தெரியும். நெல்லையில் ஓடும் தாமிரபரணி இல்லை, குழித்துறை ஆறு என்றும் சொல்லப்படும் இது வேறு. மாத்தூரில் பாலத்துக்கு அடியில் பார்த்த பரளியாறும், திற்பரப்பில் விழுந்த கோதையாறும் சேர்ந்துதான் இந்த ஆறு. தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் கலக்கிறது.

இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். மார்த்தாண்டத்தில் சாலையோரக் கடைகளில் மட்டிப்பழம் தொங்கும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், சின்னதாக இருக்கும், வாசனை தூக்கும். ஒரு சீப்பு வாங்கினால் குழித்துறை ரயில் நிலையம் போய்ச் சேர்வதற்குள் காலியாகிவிடும். மறுநாளும் நேரம் இருந்தால், கடலை ஒட்டி நிற்கும் வட்டக்கோட்டையைப் பார்க்கலாம். அதைப் புதுப்பித்துக் கட்டியவரும் அதே டி லனாய்தான்.