கயிலை போகுமுன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

யுத்தத்தில் மகனைப் பறிகொடுத்த என் அக்காவுக்கு, அவன் பெயரில் ஒருமுறை கயிலைக்குப் போய்வர வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கனடாவிலுள்ள மகள் காசு அனுப்பிவிட்டாள். "சிவனொளிபாதமலை ஏறினவள் நான், என்ன பயம்?" என்கிறார் அக்கா. அந்தத் துணிச்சல்தான் என்னைப் பயப்படுத்தியது.

சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீற்றர். உயர்மலை நோய் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேல்தான் வரும். ஆகவே இங்கு மலை ஏறிய அனுபவம் எதையும் உறுதிப்படுத்தாது. மானசரோவர் ஏறத்தாழ 4,590 மீற்றர். கயிலையைச் சுற்றும் வழியிலுள்ள டோல்மா கணவாய் ஏறத்தாழ 5,630 மீற்றர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன், பாண்டிருப்புக் கடற்கரையில் கிடைப்பதில் பாதிதான்.

முதல் கேள்வி: எவ்வளவு வேகமாக ஏறுகிறோம்? 1,400 மீற்றரிலுள்ள காத்மண்டுவிலிருந்து 3,650 மீற்றரிலுள்ள லாசாவுக்கு ஒரே நாளில் பறப்பது ஆபத்துக் கூடிய பயணம். 3,000 மீற்றருக்கு மேல், இரவு தங்கும் இடம் நாளொன்றுக்கு 500 மீற்றருக்கு மேல் உயரக்கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருநாள் ஓய்வு வேண்டும்.

இரண்டாவது: உடல் எப்படி? முன்பு இந்நோய் வந்தவர்கள், இருதய, நுரையீரல் நோயாளர்கள், இரத்தச்சோகை உள்ளவர்கள் கட்டாயம் வைத்தியரைக் கேட்க வேண்டும். நெஞ்சில் ஷெல் காயம் பட்டவர்கள், காயம் ஆறி எத்தனை வருடமானாலும், அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அசெற்றசோலமைட் என்ற தடுப்பு மாத்திரை உண்டு. சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் அதையும் முதலிலேயே சொல்ல வேண்டும். இளமையும் உடற்பலமும் இந்நோயைத் தடுக்காது.

மூன்றாவது: உடனே இறங்க வழி உண்டா? 2018 யூலையில், மோசமான காலநிலையால் ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்திய யாத்திரிகர்கள் நேபாளத்தின் சிமிகோட், ஹில்சா பகுதிகளில் சிக்கிக்கொண்டார்கள்.

தலையிடியோடு குமட்டல், களைப்பு, தலைச்சுற்று வந்தால் மேலே ஏறக்கூடாது. சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடை தள்ளாடினால், பேச்சுக் குழம்பினால் இரவென்றாலும் இறக்க வேண்டும்.

தொண்ணூறில் பட்ட ஷெல் துண்டு அக்காவின் நெஞ்சில் இன்னும் இருக்கிறது. எக்ஸ்ரேயோடு அவரை வைத்தியரிடம் கூட்டிப் போகிறேன். "வேண்டாம்" என்று வைத்தியர் சொன்னால், தட்சிண கைலாசம் எனப்படும் திருக்கோணேச்சரம் நமக்கு இருக்கிறது.