பாரீசில் எங்கே தங்குவது?

பாரீசுக்குப் போகிறேன் என்று புதுச்சேரியில் யாராவது சொன்னால், எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி "யார் வீட்டில் இறங்குகிறாய்?" என்பதுதான். ஓட்டலில் என்று பதில் சொன்னால் குடும்பத்தில் சின்னதாக ஒரு கலவரமே நடக்கும். நம்மூர் சொல்தா குடும்பங்கள் அங்கே போய்க் குடியேறி இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டது. சார்செல், கார்ஜ் பக்கம் ஒரு சித்தப்பாவோ அத்தையோ இல்லாத வீடு எங்கள் தெருவில் குறைவு. அத்தனை உறவு இருக்க, காசு கொடுத்து ஓட்டலில் படுப்பதா?

என் தங்கையின் பேரன் சென்ற வருடம் தொலைபேசியில் கேட்டது அதைத்தான். "தாத்தா, உங்களுக்குத்தான் பாரீஸ் தெருவெல்லாம் மனப்பாடமாச்சே. ஓட்டல் எந்தப் பக்கம் பார்க்கட்டும்?" அத்தை வீடு என்ன ஆயிற்று என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "நாங்க ரெண்டு பேரு தாத்தா" என்றான். அந்தப் பையனை எனக்குத் தெரியும். நல்ல பிள்ளை. இருவரும் ஒரே வீட்டில் வசிப்பது எங்கள் குடும்பத்தில் பலருக்குத் தெரியும், யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. அத்தை வீட்டுக்குப் போனால் ஒருவனுக்குக் கூடத்துச் சோபா, இன்னொருவனுக்குக் குழந்தைகள் அறையில் பாய். பத்து நாளும் 'ஆபீஸ் சிநேகிதன்' என்று நடிக்க வேண்டும். பேரனுக்கு அது பிடிக்கவில்லை. பத்து நாள் விடுமுறையில் நடிப்பு எதற்கு?

"மாரே பக்கம் பார்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்குள் 250 வருடத்துக் கதை இருக்கிறது. அதை விரிவாக எழுதத்தான் இந்தப் பக்கம்.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். குமாஸ்தா புத்தி அப்படித்தான் போகும். 1750ஆம் வருடம் ஜூலை 6ஆம் தேதி, பாரீஸ் நகரசபைக்கு எதிரே உள்ள பிளாஸ் தெ கிரேவ் என்னும் மைதானத்தில் புருனோ லெனுவார், ழான் தியோ என்ற இருவரைக் கொளுத்தினார்கள். ஒருவர் செருப்புத் தைப்பவர், மற்றவர் கூலி வேலைக்காரர். ஜனவரி மாதத்து இரவில் மோந்தொர்கேய் தெருவில் ஒன்றாக அகப்பட்டதுதான் குற்றம். நமக்குக் காலக் கணக்கு புரிய வேண்டுமானால், அப்போது இங்கே துய்ப்ளெக்ஸ் கவர்னர், ஆனந்தரங்கப் பிள்ளை தினமும் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். பிரான்சில் இந்தக் காரணத்துக்காக மட்டும் கொளுத்தப்பட்டவர்களில் கடைசி இருவர் அவர்கள்தான். 2014இல் அந்தத் தெருவில் அவர்கள் பெயரில் ஒரு பட்டயம் பதித்தார்கள்.

புரட்சிக்குப் பிறகு 1791இல் எழுதிய தண்டனைச் சட்டத்தில் இந்தக் குற்றமே இல்லை. நீக்கிவிட்டோம் என்று பறைசாற்றவும் இல்லை, பட்டியலில் எழுதாமல் விட்டுவிட்டார்கள். 1810இல் நெப்போலியன் காலத்துச் சட்டமும் அப்படியே. இங்கிலாந்துச் சட்டம் வேறு. அந்த வேற்றுமைக் கோடு நம் ஊர் எல்லையிலும் ஓடியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கோரிமேட்டுக்கு அந்தப் பக்கம் 1860ஆம் வருட இந்தியத் தண்டனைச் சட்டம், அதில் 377ஆம் பிரிவு. இந்தப் பக்கம் பிரெஞ்சுச் சட்டம், அதில் அப்படி ஒரு பிரிவு இல்லை. 1963இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தை இங்கே நீட்டித்தபோது 377ம் கூடவே வந்தது. நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். 2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் மனமொத்து வாழ்வது குற்றம் அல்ல என்று தீர்ப்புச் சொல்லும்வரை அந்தப் பிரிவு நம்மோடு இருந்தது. பிரெஞ்சு ஆட்சியில் கெட்டது எவ்வளவோ உண்டு, நானே எழுதியிருக்கிறேன். இந்த ஒரு கணக்கில் நாம்தான் பின்னே போனோம்.

ஆனால் சட்டம் சும்மா இருந்தால் போதுமா? தங்க இடம் கொடுக்க ஆள் வேண்டாமா?

ஆஸ்கார் வைல்டை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் 1895இல் இரண்டு வருடக் கடுங்காவல். 1897இல் விடுதலையானதும் கப்பலேறி பிரான்சுக்கு வந்துவிட்டார். பாரீசில் அவரைப் பிடிக்கச் சட்டம் இல்லை. இருந்தும் செபாஸ்தியன் மெல்மோத் என்ற பொய்ப்பெயரில்தான் தங்கினார். 1900 நவம்பர் 30ஆம் தேதி அவர் உயிர் போனது ரூ தே போசார் தெருவில் ஒத்தெல் தல்சாஸ் என்ற சாதாரண விடுதியில். விடுதிக்காரர் தங்கமான மனிதர், பாக்கிக்காகக் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. வைல்ட் இறக்கும்போது விடுதிக்குக் கடன் நின்றது, சிநேகிதர் ஒருவர் பிறகு அடைத்தார். இன்று அதே கட்டடம் பெரிய பணக்காரர்கள் தங்கும் ஓட்டல்.

அடுத்தது மர்செல் ப்ரூஸ்த். 1918 ஜனவரியில் ரூ தெ லார்க்காத் தெருவில் ஒத்தெல் மாரிஞி என்ற விடுதியில் போலீஸ் நுழைந்தது. ஆண்கள் ஆண்களைச் சந்திக்க வரும் இடம் அது. உள்ளே இருந்தவர்கள் பெயர், விலாசம் எல்லாம் எழுதிக்கொண்டார்கள். அந்த அறிக்கையில் ப்ரூஸ்தின் பெயர் இருக்கிறது. அடுத்த வருடமே அவருக்கு கோன்கூர் பரிசு கிடைத்தது என்பது வேறு கதை. சட்டப்படி குற்றம் இல்லையென்றால் போலீசுக்கு ஏன் பெயர்ப்பட்டியல்? பாரீஸ் போலீஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே இப்படிப்பட்டவர்களுக்கென்று தனிப் பதிவேடுகள் வைத்திருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் பதிவேட்டோடு வாழ்ந்தவன் சொல்கிறேன், சும்மா இருக்கட்டும் என்று எந்தப் பதிவேட்டையும் யாரும் தொடங்குவதில்லை.

பிறகு 1942. ஜூலை 16, 17 தேதிகளில் பாரீசில் சுமார் 13,000 யூதர்களைப் பிரெஞ்சுப் போலீசே பிடித்துக் கொடுத்தது. மாரேயில் ரூ தே ரோசியே தெருவைச் சுற்றி யூதர் குடியிருப்பு, அங்கிருந்தும் குடும்பம் குடும்பமாக இழுத்துப் போனார்கள். சரியாக மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 6ஆம் தேதி, அதே விஷி அரசு இன்னொரு சட்டம் போட்டது: ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் என்றால் 21 வயது ஆக வேண்டும், மற்றவர்களுக்கு 13 போதும். போர் முடிந்து விஷி போயிற்று, சட்டம் போகவில்லை. தெ கோல் அரசு 1945இல் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டது. 1960இல் போல் மிர்கே என்ற நாடாளுமன்ற உறுப்பினர் காசநோய், குடிப்பழக்கம் இவற்றோடு இதையும் 'சமூகப் பீடை' என்று சேர்த்தார். சபையும் ஏற்றுக்கொண்டது. நாங்கள் லிசேயில் சுதந்திரம், சமத்துவம் என்று ஒப்பித்துக்கொண்டிருந்த காலம் அதுதான்.

ஆகவே 1970களில் பாரீஸ் எப்படி இருந்தது என்றால், ஒப்பெராவுக்குக் கிட்டே ரூ செந்த் ஆன் தெருவில் இரவு விடுதிகள். மூடிய கதவு, அதில் கண் வைத்துப் பார்க்க ஓர் ஓட்டை. மணி அடிக்க வேண்டும், முகம் பிடித்தால் திறப்பார்கள். உள்ளே விலை கேட்டால் மயக்கம் வரும். பகலில் அந்தத் தெருவில் ஒன்றும் தெரியாது. இன்று அங்கே போனால் ஜப்பானிய நூடுல்ஸ் கடை வரிசைதான்.

மாரே வந்தது இங்கேதான். மாரே என்றால் சதுப்பு நிலம். 1612இல் அங்கே அரச சதுக்கம் திறந்ததும் பிரபுக்கள் எல்லாரும் மாளிகை கட்டிக் குவித்தார்கள். 1800இல் அதற்கு பிளாஸ் தெ வோஜ் என்று பெயர் மாற்றினார்கள், புரட்சி அரசுக்கு முதலில் வரி கட்டி முடித்த மாவட்டம் வோஜ் என்பதற்காக! ஒழுங்காக வரி கட்டியதற்காக ஒரு சதுக்கத்துக்கே பெயர் வைத்த ஊர் வேறெங்கும் உண்டா என்று எனக்கு நெடுநாள் ஆசை. பிரபுக்கள் பிறகு வேறு பேட்டைக்குப் போய்விட, மாளிகைகள் தடுப்புத் தடுப்பாகப் பட்டறை, கிடங்கு, ஒண்டுக்குடித்தனம் ஆயின. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதத் தையல்காரர்களுக்கு அங்கேதான் வாடகை கட்டுப்படியாயிற்று.

1962 ஆகஸ்ட் 4ஆம் தேதி மல்ரோ சட்டம் வந்து பழைய வட்டாரங்களைக் காப்பாற்றியது. அது இல்லையென்றால் மாரேயில் பாதி இடிந்திருக்கும். (நம் வெள்ளை நகரத்தில் இடித்த வீடுகளை நினைத்து இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு.) 1969இல் பக்கத்திலிருந்த பெரிய மார்க்கெட் லே ஆல் ஊருக்கு வெளியே ரங்கிஸுக்குப் போயிற்று. 1977இல் பொம்பிது மையம் திறந்தது. அதே வருடக் கடைசியில் ஷாத்லே லே ஆல் ரயில் நிலையமும் வந்து, புறநகரிலிருந்து எவரும் சுலபமாக நடு ஊருக்கு வரலாம் என்றாயிற்று. நடு ஊர், புதிய ரயில், பழைய வாடகை. 1978இல் ரூ து பிளாத்ர் தெருவில் 'லெ வில்லாஜ்' என்ற மதுக்கடை திறந்தது. அதன் விசேஷம், பகலிலும் திறந்திருந்தது, காபி மற்ற கடைகளின் விலைக்குத்தான், யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். கதவில் ஓட்டை இல்லை. சில வருடத்தில் ரூ வியேய் து தாம்ப்ள் தெருவில் 'லெ சாந்த்ரால்' என்ற கடையும் அதன் மாடியில் சில அறைகளோடு ஒரு விடுதியும் வந்தன. இருவர் சேர்ந்து போய் ஓர் அறை கேட்டால் யாரும் நிமிர்ந்து பார்க்காத விடுதி. வைல்டுக்குக் கிடைக்காதது அதுதான். இப்போது அந்த விடுதி இல்லை, தேவையும் குறைந்துவிட்டது.

சட்டம் இதற்குப் பின்னால்தான் மாறியது. மித்தெரான் ஜனாதிபதியான பிறகு, பாதெந்தேரும் ஜிசேல் அலிமியும் முன்னின்று வாதாட, 1982 ஆகஸ்ட் 4ஆம் தேதி விஷி சட்டத்தின் கடைசி வால் அறுந்தது. மல்ரோ சட்டத்துக்குச் சரியாக இருபது வருடம் கழித்து, அதே தேதி. 1985இல் ஒருவருடைய வாழ்க்கை முறையைக் காரணம் காட்டி அறை இல்லை என்று ஓட்டல்காரர் சொன்னால் அது குற்றம் என்றார்கள். 2013 மே மாதம் திருமணச் சட்டமும் வந்தது.

அதனால் இன்று பாரீஸ் ஓட்டலில் மேசைக்குப் பின்னால் இருப்பவர் "அன் கிரான் லி, உ தே லி?" என்று கேட்பார். பெரிய கட்டில் ஒன்றா, சின்னக் கட்டில் இரண்டா என்று அர்த்தம். காபியில் சர்க்கரை உண்டா என்று கேட்பது மாதிரிதான் கேட்பார். "ஒன்று" என்று சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். வெளிநாட்டுக்காரர் என்பதால் போலீஸ் படிவம் ஒன்று நிரப்பச் சொல்வார்கள். பயப்பட வேண்டாம், அதில் பெயர், பிறந்த தேதி, விலாசம்தான். கட்டில் கணக்கு இல்லை.

லா ஷப்பேல் பக்கம் தங்கினால் இட்லி கிடைக்கும், விநாயகர் கோயில் கிட்டே இருக்கிறது என்று பேரனிடம் வேறு யாரோ சொல்லியிருக்கிறார்கள். சாப்பிடப் போகலாம். ஆனால் தெருவெல்லாம் தமிழ் முகம், அதில் ஒரு முகத்துக்கு நம் வீடு தெரிந்திருக்கும். கை கோத்து நடக்க நினைப்பவர்களுக்கு அது தோதான தெரு அல்ல. மாரேயில் அறைகள் தீப்பெட்டி அளவு, பல கட்டடங்களில் லிப்ட் கிடையாது, வெள்ளிக்கிழமை இரவு ஒரு மணிவரை சத்தம். உள்பக்க முற்றம் பார்த்த அறை கேட்பது நல்லது. நகரசபைக்கு எதிரே அந்த மைதானம் இன்னும் இருக்கிறது. லெனுவாரையும் தியோவையும் கொளுத்திய இடத்திலிருந்து, வானவில் வர்ணம் பூசிய பாதசாரிக் கோடுகள் உள்ள ரூ தே அர்ஷீவ் தெருவுக்கு நடை ஐந்து நிமிடம்கூட இல்லை. 2018இல் அந்தக் கோடுகள் மேல் யாரோ ராத்திரியில் வெள்ளையடித்துத் திட்டி எழுதினார்கள். ஒரு விழாவுக்காகத் தற்காலிகமாகப் போட்டதை, அதற்காகவே நிரந்தரமாக்கிவிட்டார் மேயர் அம்மாள்.

வாடகைதான் அவர்களை அங்கே கொண்டுவந்தது, இப்போது வாடகைதான் துரத்துகிறது. பட்டறைகள் இருந்த இடத்தில் கைப்பையும் வாசனைத் திரவியமும் விற்கும் கடைகள். 'லே மோ ஆ லா பூஷ்' என்ற அவர்களுடைய புத்தகக் கடை மாரேயில் 1983 முதல் இருந்தது. வாடகை ஏறியதும் 2020இல் மூட்டை கட்டிக்கொண்டு 11ஆம் வட்டாரத்தில் ரூ செந் அம்ப்ருவாஸ் தெருவுக்குப் போய்விட்டது. மாரே விலை ஒத்துவராதவர்கள் அந்தப் பக்கம் அறை பார்க்கலாம். 9ஆம் எண் மெத்ரோ, நிறுத்தத்தின் பெயரும் செந் அம்ப்ருவாஸ்தான்.