கிள்ளான் யாருக்குச் சொந்தம்?



அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். "உங்க தாத்தாவோட அப்பா பேரு என்ன?" முப்பத்திரண்டு பேரில் நாலு பேர்தான் எழுதினார்கள். ஒரு பையன் 'கங்காணித் தாத்தா' என்று எழுதியிருந்தான். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வருத்தம் வந்தது. அந்த வருத்தத்தில் பிறந்ததே இக்கட்டுரை.

கிள்ளானில் ஹைலண்ட்ஸ் என்று ஒரு தோட்டம் உண்டு. ஸ்காட்லாந்து நாட்டின் மலைப்பகுதிக்கும் அதே பெயர்தான். அந்நாட்டுப் பிரபுக்கள் குடும்பங்களில் பட்டமும் நிலமும் மூத்த மகனுக்கே போவது வழக்கம். இளையவர்கள் பட்டாளத்துக்கோ வாணிபத்துக்கோ கடல் கடந்து போவார்கள். வாரிசு தெளிவாக இருந்தால் சண்டை இல்லை. இல்லாவிட்டால்? 1290-இல் அந்நாட்டு அரியணைக்கு உரிய சிறுமி மார்கரெட் இறந்துபோனாள். 13 பேர் உரிமை கொண்டாடினார்கள். பஞ்சாயத்துக்கு இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டை அழைத்தார்கள். 1292-இல் தீர்ப்புச் சொன்னவர், 1296-இல் படையோடு வந்து நாட்டையே பிடித்துக்கொண்டார். குரங்கு அப்பம் பங்கிட்ட கதைதான்!

இது எங்கேயோ நடந்தது என்று நினைக்காதீர்கள். நம்ம கிள்ளானிலும் நடந்தது.

சிலாங்கூர் சுல்தான் முகமது காலத்தில் கிள்ளானை ஆண்டவர் அவர் மகன் ராஜா சுலைமான். அவருக்குப் பின் கிள்ளான் தமக்கே வரும் என்று அவர் மகன் ராஜா மஹாடி எதிர்பார்த்தார். ஆனால் சுல்தானோ அதனை ராஜா அப்துல்லாவிடம் கொடுத்துவிட்டார். இவர் சுல்தானின் மருமகன் ராஜா ஜுமாத்தின் உடன்பிறந்தவர். பேரன் மனத்தில் நெருப்பு விழுந்தது.

ராஜா அப்துல்லா 1857-இல் 87 சீனத் தொழிலாளர்களை ஈயம் தேட ஆற்றின் மேற்பகுதிக்கு அனுப்பினார். ஒரே மாதத்தில் காய்ச்சல் கண்டு பெரும்பாலோர் மடிந்தார்கள். 18 பேரே மிஞ்சினார்கள். ஆனாலும் ஈயம் கிடைத்தது, கோலாலம்பூர் வளர்ந்தது, வரிப்பணமும் பெருகியது. பணம் பெருகினால் பகையும் பெருகுமே! 1867-இல் ராஜா மஹாடி போர் தொடுத்துக் கிள்ளானைப் பிடித்தார். சுல்தான் அப்துல் சமாட் தம் மருமகன், கெடா இளவரசர் தெங்கு கூடினைத் துணைக்கு அழைத்தார். 1870-இல் கிள்ளான் மறுபடி கைமாறியது. கோலாலம்பூர் 1872-இல் வீழ்ந்து, 1873-இல் மீட்கப்பட்டது. எரிந்த வீடுகள் எத்தனை, செத்த கூலிகள் எத்தனை!

முடிவில் வென்றது யார்? பிரிட்டிஷ் ரெசிடெண்ட் வந்து உட்கார்ந்தார். ராஜா மஹாடி 1882-இல் சிங்கப்பூரில் காலமானார். ராஜா அப்துல்லாவின் கிடங்கு மட்டும் கிள்ளானில் இன்னும் நிற்கிறது. போகிறபோது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

அதன்பின் தண்டவாளம் போடவும் பால்மரம் வெட்டவும் நம்மவர்கள் வந்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ், தோட்டத்தில் லயம். எதுவும் சொந்தமில்லை. "நமக்கு என்ன சார் சொத்து இருக்கு, சண்டை போட?" என்று கேட்பீர்கள்.

இருக்கிறது! தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, பட்டணத்துத் தாமான்களில் வீடு வாங்கினவர்கள் நம்மில் உண்டு. அப்பா கண்ணை மூடியதும் அந்த ஒரு வீட்டுக்காக அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோன குடும்பங்களை நான் அறிவேன். 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி, முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்குப் பங்கு உண்டு. பிள்ளைகளில் மகன், மகள் என்ற பேதம் கிடையாது. தங்கச்சிக்கும் அண்ணனுக்கும் ஒரே பங்குதான். இதைத் தெரிந்துகொள்ளுங்கள், உயில் எழுதி வையுங்கள். சேமநிதிப் பணம் யாருக்கு என்று பெயர் கொடுத்துவிட்டீர்களா? அதையும் பாருங்கள்.

அதைவிடப் பெரிய சொத்து ஒன்று: பிறப்புப் பத்திரம். அது இல்லாமல் இங்கே பிறந்தும் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை அடைந்த பாட்டிமார் நம் லயங்களிலேயே இருந்தார்கள். பெட்டியைத் திறந்து, பத்திரங்களை ஒழுங்காக எடுத்து வையுங்கள்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இன்றிரவு பரிசுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், பாட்டியைக் கேட்டு முன்னோர் பெயர்களை எழுதுங்கள். வந்த ஊரையும் எழுதுங்கள். பாட்டி இருக்கும்போதே எழுதுங்கள்.