பேதி உப்பும் பேறுகால வலிப்பும்

கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு இரத்த அழுத்தம் கூடி, சிறுநீரில் புரதமும் வெளியேறினால் அதை ப்ரீ-எக்லாம்சியா என்கிறார்கள். அது முற்றி வலிப்பு வந்துவிட்டால் எக்லாம்சியா. தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து. இந்த வலிப்புக்கு எந்த மருந்து சிறந்தது என்பது 1995-ல்தான் முடிவாகத் தெரிந்தது. இத்தனைக்கும் அந்த மருந்து, பேதிக்குக் கொடுக்கும் மலிவான உப்புதான்!

பழைய காலத்தில் உடம்பில் ஏதோ நஞ்சு சேர்ந்துவிட்டதாக நினைத்து, நோயாளியின் இரத்தத்தை வெளியேற்றினார்கள். 1843-ல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ஜான் லீவர், இந்தப் பெண்களின் சிறுநீரில் புரதம் இருப்பதைக் கண்டார். 1896-ல் இத்தாலியரான ரீவா ரோச்சி, கையில் பட்டை சுற்றி இரத்த அழுத்தம் அளக்கும் கருவியை வெளியிட்டார். வலிப்பு வருமுன்பே ஆபத்தை அறிய இப்படி இரண்டு வழிகள் கிடைத்தன. ஆனால் சிகிச்சை? ரஷ்யாவின் ஸ்ட்ரோகனோஃப், நோயாளியை இருட்டான, சத்தமில்லாத அறையில் வைத்து மார்ஃபினும் குளோரல் ஹைட்ரேட்டும் கொடுத்தார்.

பேதி உப்பின் வேதிப்பெயர் மெக்னீசியம் சல்ஃபேட். 1906-ல் ஜெர்மனியில் ஹார்ன் என்ற மருத்துவர் இதை முதுகுத்தண்டில் செலுத்திப் பார்த்தார். 1920-களில் லாஸ் ஏஞ்சல்ஸில் லசார்ட் இதை நரம்பு வழியே கொடுத்தார். பிறகு அமெரிக்காவில் இதுவே வழக்கமானது. பிரிட்டனில் பலர் ஏற்கவில்லை. "இது தசையைத்தான் தளர்த்துகிறது, வலிப்பு மருந்தே அல்ல" என்பது அவர்கள் வாதம். அவர்கள் டயஸெபாம், ஃபெனிடாயின் ஆகியவற்றை நம்பினார்கள். இரு தரப்பிடமும் உறுதியான ஆதாரம் இல்லை.

இந்தச் சண்டையைத் தீர்த்தது 1995-ல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு. இந்தியா உட்பட வளரும் நாடுகளின் மருத்துவமனைகளில் 1,687 பெண்கள் இதில் பங்கேற்றார்கள். மெக்னீசியம் பெற்றவர்களுக்கு மறுபடி வலிப்பு வருவது டயஸெபாமைவிட 52 சதவீதமும், ஃபெனிடாயினைவிட 67 சதவீதமும் குறைந்திருந்தது. அடுத்து, வலிப்பு வருமுன்பே கொடுத்தால் தடுக்குமா என்ற கேள்வி. 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடந்த 'மேக்பை' ஆய்வு 2002-ல் பதில் சொன்னது: வலிப்பு வரும் வாய்ப்பு பாதிக்கும் மேல் குறைகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த உப்பு இரத்த அழுத்த மருந்து அல்ல. அழுத்தத்தைக் குறைக்க லேபடலால், நிஃபெடிபின் போன்றவை தனியாகத் தேவை. உப்பின் அளவு மீறினால் மூச்சே நின்றுவிடும். அதனால்தான் ஊசி போட்டபின் முழங்காலைத் தட்டிப் பார்க்கிறார்கள், மூச்சை எண்ணுகிறார்கள், சிறுநீரை அளக்கிறார்கள். மாற்று மருந்தாகக் கால்சியம் குளுக்கோனேட்டையும் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். நோய்க்கு உண்மையான தீர்வு பிரசவம்தான்; நஞ்சுக்கொடி வெளியேறிய பிறகே உடம்பு தேறத் தொடங்கும். பிரசவமான பின்னும் சில நாட்கள் வலிப்பு வரலாம் என்பதால் கண்காணிப்பு தொடர வேண்டும்.

ஒவ்வொரு மாதப் பரிசோதனையிலும் கையில் பட்டை கட்டுவதும், சிறுநீர் கேட்பதும் வெறும் சடங்கல்ல. தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் இருந்தால் அடுத்த பரிசோதனை வரை காத்திருக்கக் கூடாது. உப்பு எவ்வளவு மலிவானாலும், நோயாளி நேரத்தோடு வந்து சேர்ந்தால்தானே அது வேலை செய்யும்?